கண்ணு முன்னால இருக்கிறதத்தான் போடணும்

ஐயோ, எந்திரிச்சிடாதீங்க தம்பி! உக்காருங்க, உக்காருங்க. அந்த சிவப்புப் பை மேல கையை முன்ன மாதிரியே வைங்க. ஆங், அப்படித்தான். சுண்டு விரலைக் கொஞ்சம்… சரி விடுங்க, இவ்வளவு தூரத்துக்கு விரல் எல்லாம் எவனுக்குத் தெரியப் போகுது. மூச்சு விடலாம், மூச்சு விடலாம். மூச்சு விட வேண்டாம்னு யாரு சொன்னா உங்களை?

எங்க போயிடப் போறீங்க இப்ப? நீங்க தான சொன்னீங்க, வீட்டுல எல்லாரும் த்ரியம்பகேஸ்வர் பஸ்ஸு ஏறிட்டாங்க, அங்க வரிசை பெருசு, திரும்பி வர மத்தியானம் ரெண்டு மணி ஆகும்னு. லாட்ஜைக் காலி பண்ணி ஆறு பையையும் உங்க தலையில கட்டிட்டுப் போயிட்டாங்க. முட்டி வலின்னு சொல்லி நீங்களும் தப்பிச்சுக்கிட்டீங்க. சரி சரி, கோவிச்சுக்காதீங்க, முட்டி வலி நிஜம்தான்.

எனக்கு பதினொன்னரைக்கு ஒரு வேலை இருக்கு. பெரிய வேலை. அது வரைக்கும் நீங்க இந்தப் படியை விட்டு நகரக் கூடாது, அவ்வளவுதான் கேக்கறேன். நகந்தீங்கன்னா நான் அம்போதான். டீ வாங்கித் தரேன். ஏப்பா, இங்க ரெண்டு டீ! அவருக்கு இஞ்சி நிறையத் தட்டிப் போடு, ஜள்காவ்லேருந்து வந்திருக்காரு, நம்ம நாசிக் குளிர் தாங்காது.

பேர் என்ன சொன்னீங்க? பாண்டுரங் சௌத்ரியா? அப்பா பேர்? ராம்பாவு. நல்லது. முழுசா எழுதி வச்சுக்கறேன். படத்துக்குப் பின்னாடி எழுதற வழக்கம்தான், வேற ஒண்ணும் இல்ல. நான் மந்தாகினி. மந்தாகினி பாவ்சார். அறுபத்தொண்ணு. ஆமா, அறுபத்தொண்ணு! முகத்தை அப்படித் திருப்பாதீங்க, மூக்கு இப்பதான் உக்காந்துச்சு.

இங்க நூறு பேர் இருக்காங்க, என்னை ஏன் புடிச்சீங்கன்னா கேக்கறீங்க? மத்தவங்க எல்லாம் நிக்கவே மாட்டேங்கறாங்களே. முங்கறான், எந்திரிக்கறான், வேட்டியைப் பிழியறான், போயிடறான். அந்தப் பாத்திரம் தேய்க்கிற அம்மாவை அரை மணி நேரமாப் புடிக்கப் பாக்கறேன், முதுகு போட்டா கையைக் காணோம், கை போட்டா ஆளையே காணோம். நீங்க ஒருத்தர்தான் இந்தப் படித்துறையிலயே ரெண்டு மணி வரைக்கும் எங்கயும் போக முடியாதவரு. அதுவும் போக நல்ல முகம் உங்களுக்கு. நம்பலாம்னு தோணுற முகம். கேமராவுக்குச் சிரிக்கிற மாதிரி சிரிக்காதீங்க, சாதாரணமா இருங்க.

வெயில் விழுது பாருங்க உங்க தலையில! வழுக்கைன்னு வருத்தப்படாதீங்க தம்பி, முடி இருந்திருந்தா அந்த வெளிச்சம் எங்க போயி உக்காரும்? எனக்கு வெள்ளைப் பேப்பரை அப்படியே ஒரு பொட்டு விட்டா போதும், உங்க தலை வந்துடும். தண்ணி வர்ணத்துல அதான் விஷயம். வெளிச்சத்தைப் பூச முடியாது. விட்டு வைக்கத்தான் முடியும்.

அடச்சே. பிரஷ்ஷை டீயில முக்கிட்டேன். பரவாயில்ல, குடிக்கலாம். ஆறு வருஷமாக் குடிக்கிறேன், ஒண்ணும் ஆகல. பழுப்பு நிறம் தெரியவே தெரியாது. பச்சைதான் கொஞ்சம் கசக்கும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தேன் தம்பி, இருபத்தெட்டு வருஷம். காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு சுவத்தைப் பாத்து உக்காந்திருப்பேன். ஊர்ல எல்லாரோட குரலும் தெரியும், ஒருத்தர் மூஞ்சியும் தெரியாது. ரிட்டயர் ஆகி வெளிய வந்தப்புறம்தான் பாக்கவே ஆரம்பிச்சேன். இந்தக் கோதாவரியைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போயிருக்கேன், ஆனா படியில விழுற நிழல் என்ன நிறம்னு கேட்டிருந்தா கறுப்புன்னு சொல்லியிருப்பேன். நீங்க என்ன சொல்வீங்க? அந்தக் கோவில் நிழலைப் பாருங்க, தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் திருப்பிப் பாருங்க. கறுப்பா அது? நல்லாப் பாருங்க. நீலம்! கீழ போகப் போக கத்திரிக்காய் நிறம். அந்த ஈரப் படியில மஞ்சப் புடவை காயுது பாருங்க, அதுக்கு அடியில நிழலே மஞ்சளா இருக்கு. எனக்கு இதை மொத மொத பாத்த அன்னைக்கு சோறு இறங்கல. அம்பத்தஞ்சு வருஷமா இதெல்லாம் சும்மா கெடந்திருக்கு, ஒருத்தரும் சொல்லலயேன்னு.

இன்னைக்கு புதன்கிழமை சந்தை வேற. அந்தக் கடைக்காரங்க கட்டியிருக்காங்க பாருங்க நீலத் தார்ப்பாய், எங்க ஆளுங்களுக்கு அதைக் கண்டாலே ஆகாது. கோவில் அழகையே கெடுக்குதும்பாங்க. எனக்கு அதுதான் உசுரு. அதுக்கு அடியில உக்காந்திருக்கிற கொத்தமல்லி, தக்காளி, அந்தப் பாட்டி மூக்குத்தி, எல்லாத்து மேலயும் லேசா ஒரு நீலம் விழுது. இதைப் பாக்கறப்ப பேரம் பேசவே மறந்துடறேன் தம்பி. சத்தியமா.

எங்க ஆளுங்களா? எங்க ஞாயித்துக்கிழமைக் கூட்டம். எட்டுப் பேரு. விடிஞ்சதும் போர்டு, வர்ணப் பெட்டி, தண்ணி பாட்டில் தூக்கிக்கிட்டு எங்கயாவது போய் உக்காந்துடுவோம். படித்துறை, பஸ் ஸ்டாண்டு, திராட்சைத் தோட்டம், எதுன்னாலும் சரி. ரெண்டே ரெண்டு சட்டம். மொத சட்டம், கண்ணு முன்னால இருக்கிறதத்தான் போடணும். போட்டோ கூடாது, ஞாபகத்துலேருந்து கூடாது, இல்லாத மரத்தைக் கொண்டாந்து நடக் கூடாது. ரெண்டாவது, உச்சி வெயில் வந்ததும் எல்லாப் படத்தையும் தரையில வரிசையா வச்சு, காத்துல பறக்காம மூலைக்கு ஒரு கல்லு வச்சு, ஆளாளுக்குக் குத்தம் சொல்லணும். யார் படமோ அவங்க மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. எல்லாரும் சொல்லி முடிச்சு, மிசல் சாப்பிடப் போற வரைக்கும் மூச்.

இந்த ரெண்டாவது சட்டத்துலதான் என் மானம் கப்பலேறிச்சு. சொல்றேன், அந்தக் காலை நீட்டாதீங்க. மரத்துப் போச்சா? சரி, மெல்லமா விரலை மட்டும் ஆட்டிக்குங்க, செருப்புக்குள்ளயே.

எங்க கூட்டத்துல சோனவணேன்னு ஒருத்தரு. தின்கர் சோனவணே. ஸ்டேட் பஸ் டிப்போவில ஊர்ப் பேர் போர்டு எழுதினவரு. நாசிக்லேருந்து ஓடுன பஸ் நெத்தியில எல்லாம் அவரு எழுத்துதான். உங்க ஜள்காவ் கூட அவரு எழுதினதாத்தான் இருக்கும், போறப்பப் பாருங்க. கல்யாணம் பண்ணிக்காத ஆளு. அறுபத்து நாலு வயசு. தேங்காய் எண்ணெய் வச்சு தலையை அழுத்தி வாரியிருப்பாரு. ஒரு நாளைக்கு பத்து வார்த்தை பேசினா பெருசு. நான் பேசற பேச்சுக்கு என் பக்கத்துல உக்காந்து வரையறதுக்கு எங்க கூட்டத்துல வேற யாருக்கும் தைரியம் வராது, அவரு மட்டும் உக்காருவாரு. எனக்கு எப்பவும் வலது பக்கம். ஆறு வருஷமா. நான் பேசிக்கிட்டே இருப்பேன், அவரு ம் கொட்டிக்கிட்டே இருப்பாரு. என் தண்ணி அழுக்கானா சொல்லாம கொள்ளாம மாத்தி வச்சிடுவாரு. நானும் ஏதோ நல்ல மனுஷன்னு விட்டுட்டேன். மண்டு. நான்தான், வேற யாரு?

அவருக்கு ஒரு பழக்கம். எதை வரைஞ்சாலும் ஓரத்துல ஒரு பொம்பளை ஆள் போட்டுடுவாரு. சின்னதா, கட்டை விரல் அளவுக்கு. படியில உக்காந்திருக்கும், இல்ல மரத்தடியில உக்காந்திருக்கும். கொஞ்சம் பருமனா, கொஞ்சம் கூன் போட்டு. படத்துல அளவு தெரியறதுக்கு எல்லாரும் ஆள் போடறதுதான், நானும் பெருசா எடுத்துக்கல. ஆனா போன ஆவணி மாசம் இதே படித்துறை. மழை விட்டு அன்னைக்குத்தான் வெயில். படம் எல்லாம் வரிசையா வச்சோம். அவரு படத்தைப் பாக்கறேன், அடா அடா, தண்ணியில கோவில் நிழல் அப்படியே நடுங்குது. ஆனா மூணாவது படியில அந்த பருத்த அம்மா உக்காந்திருக்கு! எனக்கு மூக்கு மேல வந்துச்சு கோவம். அந்தப் படியை நானும்தான காலையிலேருந்து பாத்தேன்? ஈ காக்கா உக்காரல அங்க.

விடுவேனா? இது பொய்னு சொன்னேன். சட்டம் என்ன, கண்ணு முன்னால இருக்கிறதத்தான் போடணும், இவரு எங்கேருந்தோ ஒரு பானையைத் தூக்கிட்டு வந்து படியில வச்சிருக்காருன்னேன். பானைன்னுதான் தம்பி சொன்னேன்! நல்ல படத்தை இந்தப் பொம்பளை கெடுக்கறான்னேன். கூட்டமே கப்சிப். மங்கல்னு என் சிநேகிதி, வாயில முந்தானையை வச்சுக்கிட்டா. நான் என்னடான்னா, எல்லாரும் என் பேச்சுல சொக்கிட்டாங்கன்னு நெனைச்சுக்கிட்டேன். அதோட விட்டேனா? பிரஷ்ஷைத் தண்ணியில நனைச்சேன். அழிச்சிடட்டுமான்னு அவரைப் பாத்தேன். அவருக்குத்தான் வாயைத் திறக்கக் கூடாதே. என்னையே ஒரு நிமிஷம் பாத்தாரு. சரின்னு தலையை ஆட்டினாரு. நான் அந்த அம்மாவை நனைச்சு, துணியால ஒத்தி, படியை விட்டே துடைச்சு எடுத்துட்டேன். சுத்தமா.

சிரிக்காதீங்க, வயிறு குலுங்குது, பை ஆடுது!

அடுத்த ஞாயிறு அவரு வரல. காய்ச்சலா இருக்கும்னு விட்டேன். அதுக்கடுத்த ஞாயிறும் வரல. மூணாவது ஞாயிறு நான் வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பேசறேன், அங்க காலி இடம். தண்ணி சேறாப் போச்சு, மாத்தி வைக்க ஆள் இல்ல. அன்னைக்கு நான் வரைஞ்ச வானம் எப்படி இருந்துச்சுங்கறீங்க, சாக்கடை மாதிரி இருந்துச்சு. நாலாவது ஞாயிறு எனக்கு அழுகையே வந்துடுச்சு. எதுக்கு அழறோம்னு தெரியாம அழறது இருக்கே, இந்த வயசுல அது பெரிய அசிங்கம் தம்பி.

மங்கல்தான் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனா, முஷ்தாக் பாய் கடைக்கு. அவரும் எங்க கூட்டம்தான், படத்துக்கு ப்ரேம் போடற கடை வச்சிருக்காரு. சோனவணே படம் அங்க ஒரு அடுக்கு கெடந்துச்சு. முஷ்தாக் பாய் ஒண்ணொண்ணா எடுத்து சுவத்துல சாய்ச்சு வச்சாரு. பஸ் ஸ்டாண்டு, ஓரத்துல அந்த அம்மா. திராட்சைத் தோட்டம், கொடிக்கு அடியில அந்த அம்மா. பூ மார்க்கெட்டு, அந்த அம்மா. எல்லாத்துலயும் எடது கால் செருப்பைக் கழட்டி, அது மேலயே காலை வச்சு உக்காந்திருக்கு. நான் குனிஞ்சு என் காலைப் பாக்கறேன். முஷ்தாக் பாய் கடை முக்காலியில உக்காந்திருக்கேன், எடது செருப்பு கழட்டியிருக்கு, கால் அது மேல இருக்கு.

மொத மொத என்ன சொன்னேன் தெரியுமா? என் முதுகு இவ்வளவு கூனான்னேன். மங்கல் தலையில அடிச்சுக்கிட்டா. கூட்டத்துல எல்லாருக்கும் தெரியும் மந்தா, ரெண்டு வருஷமாத் தெரியும், உனக்கு மட்டும்தான் தெரியலன்னா. நீ உன்னையே பானைன்னு திட்டி, உன்னையே உன் கையால அழிச்சேன்னா. அப்புறம் மூணு பேரும் சிரிச்சோம் பாருங்க, கடைக்கு வந்தவன் பயந்து போயிட்டான். எனக்குச் சிரிச்சுக்கிட்டே கண்ணுல தண்ணி. ஒரு மனுஷன் ஒரு வார்த்தை பேசாம ரெண்டு வருஷம் என்னை எல்லா இடத்துலயும் கொண்டு போய் உக்கார வச்சிருக்கான்.

டீ ஆறிப் போச்சா? இன்னொண்ணு சொல்றேன். வேண்டாமா? நாயி பை கிட்ட வருது பாருங்க, சூ! நீங்க ஆடாதீங்க, நான் விரட்டறேன்.

அப்புறம் என்ன, தேடிப் போனேன். தபோவனம் பக்கம் ஆத்தோரமா தனியா உக்காந்து வரையறாருன்னு முஷ்தாக் பாய் சொன்னாரு. போனா, ஒரு குடையை நட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கு ஜென்மத்துல மொத தடவையா பேச்சு வரல. எக்ஸ்சேஞ்சுல பாஷை தெரியாதவன்கிட்ட கூடப் பேசினவ நான். என்ன பண்றதுன்னு தெரியாம, நேரா அவரு பாத்துக்கிட்டிருந்த பாறை மேல போயி, அவருக்கு முதுகு காட்டி உக்காந்துட்டேன். எடது செருப்பைக் கழட்டினேன். காலை மேல வச்சேன். ரெண்டு மணி நேரம் தம்பி! போர்டு இல்ல, பிரஷ் இல்ல, வாயும் திறக்கல. எறும்பு கடிக்குது, ஆடல. அப்பத்தான் தெரிஞ்சுது, ஆடாம உக்காருங்கன்னு சுலபமாச் சொல்லிடறோம், உக்காந்து பாத்தாத்தான் கஷ்டம். அதனால உங்களை நெனைச்சா எனக்குப் பாவமாத்தான் இருக்கு.

வெயில் ஏறினதும் எந்திரிச்சு வந்து படத்தைப் பாத்தேன். ஆறு இருக்கு, மரம் இருக்கு, பாறை இருக்கு. பாறை மேல மட்டும் கட்டை விரல் அளவுக்கு வெள்ளையா விட்டு வச்சிருக்காரு. பேப்பர் அப்படியே இருக்கு. ஏன் விட்டுட்டீங்கன்னேன். நான் போட்டா நீங்க அழிச்சிடுவீங்க, நீங்களே போட்டுக்குங்கன்னு பிரஷ்ஷை நீட்டினாரு. நான் கேட்டேன், அன்னைக்கு அந்தப் படியில நான் இல்லவே இல்லயே, ஏன் பொய்யாப் போட்டீங்கன்னு. மனுஷன் சட்டுன்னு சொல்றாரு: பொய் இல்ல, நீங்க என் பக்கத்துல இருந்தீங்க, நான் உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், கோவிலைத்தான் அப்பப்ப திரும்பிப் பாத்தேன், படத்துல கொஞ்சம் தள்ளி உக்கார வச்சேன், அவ்வளவுதான்னு. ஆறு வருஷத்துல அவரு பேசின பெரிய பேச்சு அது.

நான் பிரஷ்ஷை வாங்கி என்னைப் போட்டேன். ஆனா புத்தி போகுமா? இடுப்பைக் கொஞ்சம் ஒல்லியாப் போட்டுட்டேன். அவரு எட்டிப் பாத்து, மந்தாகினி அம்மா, கண்ணு முன்னால இருக்கிறதத்தான் போடணும்ங்கறாரு!

அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இன்னும் நிக்கல தம்பி எனக்கு. காய்கறி நறுக்கறப்ப வருது. கோவில்ல கண்ணை மூடினா வருது. என் வீட்டுக்காரர் போயி பதினாலு வருஷம் ஆச்சு. சிரிப்புன்னு ஒண்ணு இப்படி உள்ள ஊறும்னு மறந்தே போயிருந்தேன். சந்தோஷமா இருக்கு. அதை யாருகிட்டயாவது சொல்லலன்னா வெடிச்சிடுவேன் போல இருக்கு.

மணி என்ன ஆச்சு உங்க வாட்சுல? பத்தேமுக்காலா? சரி.

இந்தாங்க, பாருங்க. நீங்கதான். தலையில வெயிலு, கையில பை. உங்களை மாதிரியே இருக்கா? படம் அப்பவே முடிஞ்சிடுச்சு தம்பி. அரை மணி நேரமா வெறும் தண்ணியைத்தான் தொட்டுத் தொட்டுத் தடவிக்கிட்டிருக்கேன். கோவிச்சுக்காதீங்க.

ஆதார் கார்டு வச்சிருக்கீங்கல்ல? இருக்கும், இல்லாம லாட்ஜுல ரூம் குடுத்திருக்க மாட்டான். இல்ல, பதினொன்னரைக்கு ரிஜிஸ்ட்ரார் ஆபீசுல எனக்கும் சோனவணேக்கும் கல்யாணம். ஆட்டோவில பத்து நிமிஷம்தான். ஆறு பையையும் ஏத்திக்கலாம். ஒரு மணிக்குள்ள திரும்ப இதே படியில கொண்டாந்து விட்டுடறேன், வீட்டுல யாருக்கும் தெரியாது.

மூணு சாட்சி வேணுமாம். மங்கல் ஒண்ணு, முஷ்தாக் பாய் ஒண்ணு, அவங்க ரெண்டு பேரும் லீவு போட்டு இப்ப ஆபீஸ் வாசல்ல நிக்கறாங்க. கூட்டத்துல மத்தவங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வர முடியாது. என் பொண்ணு பெங்களூர்ல, ஒன்பதாவது மாசம். நீ பண்ணிக்கோம்மான்னு போன்லயே அழுதா, ஆனா அவளால பயணம் பண்ண முடியாது. மூணாவது சாட்சி என் தம்பி. கூடப் பொறந்தவன். காலையில ஏழு மணிக்கு போன் பண்றான், கால் சுளுக்கிக்கிச்சாம். பின்னாடி அவன் பொண்டாட்டி, சொல்லிட்டீங்களா சொல்லிட்டீங்களான்னு கேக்கறது எனக்குக் கேக்குது. வச்சிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். இன்னைக்குத் தள்ளிப் போட்டா அவன் சொந்தக்காரங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து கல்யாணத்தைத் தடுக்க வாசல்ல உக்காருவான். சோனவணே பயந்த சுபாவம், ஒரு தடவை அழிச்சதுக்கே நாலு ஞாயிறு வரல. அப்புறம்தான் போர்டைத் தூக்கிக்கிட்டு இங்க வந்தேன்.

ஆபீஸ் வாசல்லயே கையெழுத்துப் போட ஆள் கிடைப்பாங்கதான். எனக்கு மனசு ஒப்பல. எங்க பேருக்குக் கீழ எங்களை யாருன்னே தெரியாத ஒருத்தர் பேர் எதுக்கு? ரிஜிஸ்ட்ரார் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாராம், இவங்க ரெண்டு பேரையும் உங்களுக்கு நல்லாத் தெரியுமான்னு. பொய் சொல்ல வேண்டாம் தம்பி. அதுக்காகத்தான் எட்டரை மணியிலேருந்து ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டிருக்கேன். தெரியும்ல எங்களை?